இரண்டு அலமாரிக் கண்ணாடி

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரும் இல்லை. என் வீட்டுக்காரி கண்ணெதிரில் நின்று பார்த்துவிட்டு, "எழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் நடந்து போகுதே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போகட்டும். நடக்கத் தெரிந்த எழுத்து என்றைக்காவது வரிசைக்கு வரும்.

போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கிறது. உங்களுக்கு மட்டும் கேட்பதில்லை. நீங்கள் வாசிக்கிறவர், கண் நன்றாக இருக்கிறது. அதனால்தான் இந்த வழியைப் பிடித்தேன். நூலகக் கட்டடத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று சொன்னேனே, அது வீண்போகவில்லை. இப்போது பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுகிறேன். மருந்துக் கடைப் பலகை, சோப்பு உறை, அடுத்த வீட்டுக்காரரின் கதவில் தொங்கும் பெயர் எல்லாம் படித்தாயிற்று. பக்கத்து வீட்டில் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவரின் முழுப் பெயரே எனக்கு இப்போதுதான் தெரியும்.

இன்னொரு சேதி. சிரிக்காமல் படியுங்கள். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடி உருக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. அப்பாவின் கண்ணாடிப் பட்டறையில் இருந்ததைப் போலவே மேசையில் பொருத்திய பர்னர், காஸ், ஆக்சிஜன் சிலிண்டர். நான் மாடிக்கு ஏறும்போதெல்லாம் அந்தச் சீறல் சத்தம் கேட்கும். ஒரு நாள் வாசலில் நின்றுவிட்டேன். கண்ணாடி டீச்சர் வெளியே வந்து, "நிக்கிறதுக்கும் உக்கார்றதுக்கும் ஒரே கட்டணம்தாங்க, வாங்க" என்றார். போய் உட்கார்ந்துவிட்டேன்.

"என் தம்பி பாத்தாலே கண்ணாடி விரிசல் விடும், அதனாலதான் அவன் வீட்டுல முகம் பாக்கிற கண்ணாடிகூடக் கிடையாது" என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வீர்களே, அதை வகுப்பில் நானே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வைத்த சோதனையையும் சொன்னேன். அப்பாவுக்குப் பார்வை மங்கிய பிறகு, பட்டறையில் யார் உட்காருவது என்று பார்க்க, இரண்டு கண்ணாடிக் குச்சிகளை ஒட்டிக் காட்டச் சொன்னாரே. நீங்கள் ஒட்டியது நின்றது. நான் ஒட்டியது சாப்பிட உட்காரும் நேரத்தில் டிக்கென்று இரண்டாகிப் போனது. அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். அதோடு என் கண்ணாடி வேலை முடிந்தது, சலவைக்கூடத்து வேலை ஆரம்பித்தது.

உங்களுக்கு முன்னறையை ஒழித்துவிட்டோம். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். கழிப்பறைக்கு நாலு எட்டு. முழங்கால் அதற்கு மேல் கேட்காது என்று தெரியும். அண்ணி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக என்ன செய்கிறீர்கள். சீக்கிரம் வாருங்கள். இரண்டு கிழவர்களும் சேர்ந்து என் வீட்டுக்காரியின் பொறுமையைச் சோதிப்போம்.

உங்கள் அன்புத் தம்பி,
சின்னவன்

ஜூன் 14

பிரியமுள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை எழுத்தைக் கண்டுபிடிக்க, மற்ற மூன்று தடவை சந்தோஷத்துக்காக. டேய், நீ எழுதுவாய் என்று யாராவது சொல்லியிருந்தால் பந்தயம் கட்டித் தோற்றிருப்பேன். எதிர்வீட்டு வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்க தம்பி எத்தனாவது படிக்கிறார்" என்று கேட்டார். "இப்பத்தான் சேத்திருக்கோம்" என்றேன்.

அறையை ஒழித்தது நல்லது. வீட்டை விற்கப் பேசி முடித்தாகிவிட்டது. சாமான்களில் பாதியை ஆளாளுக்குக் கொடுத்துவிட்டேன். ஜன்னலோரம் வெயில் அடிக்குமா என்று பார். எனக்குக் காலை வெயில் வேண்டும், மாலை வெயில் ஆகாது. தலையணை நான் கொண்டுவருகிறேன். உன் வீட்டுத் தலையணையில் படுத்தால் சிமெண்டு மூட்டையில் படுத்த மாதிரி இருக்கும்.

கண்ணாடி வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வயதான காலத்தில் நெருப்போடு என்ன விளையாட்டு. எனக்குத் தெரியும் அந்த நெருப்பு. நாற்பது வருஷம் அதற்கு முன்னால் உட்கார்ந்தவன். அது எல்லாக் கைக்கும் வசப்படாது. உன் கை எப்படிப்பட்டது என்று அப்பாவே பார்த்து முடிவு செய்தாயிற்று. இப்போது போய் அதை மறுபடியும் கிளறி மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. எழுதப் படிக்கக் கற்றாய், அதோடு நிறுத்து. நான் வந்ததும் உனக்குச் செய்தித்தாளில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பக் கற்றுத்தருகிறேன். அதுதான் இந்த வயதுக்குத் தோது.

உன் வீட்டுக்காரியிடம் நான் விசாரித்ததாகச் சொல். பாவம், உன்னைக் கட்டிக்கொண்டு ஒரு கண்ணாடி டம்ளர்கூட நிம்மதியாக வாங்கியிருக்க மாட்டாள்.

அன்புடன்,
பெரியவன்

ஜூன் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். வாத்தியார் கேட்ட கேள்வி வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஒரு தாளைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பது இத்தனை சுகம் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களெல்லாம் இதை இவ்வளவு காலமாக எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்களே.

நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் வகுப்புக்குப் போனேன். கோபிக்காதீர்கள். நீங்கள் வரும்போது உங்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை. நீங்கள் அந்த வேலையைக் கரைத்துக் குடித்தவர், ஆனாலும் எனக்குப் புதிது, அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஊதாக் கண்ணாடியை மூக்கில் மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டால் உருகும் இடத்தில் கண்ணைக் கூசும் அந்த மஞ்சள் வெளிச்சம் மறைந்துபோகிறது, கண்ணாடி மட்டும் தெரிகிறது. என் பக்கத்தில் உட்காருகிறவர் பஸ் ஓட்டுநர். "பெருசு, இதை மாட்டிக்கிட்டு எதிர்ல வர்ற வண்டியைப் பாத்தா லைட்டே தெரியாது போல" என்றார். டீச்சர் அவரை முறைத்தார்.

வேலை என்று பார்த்தால் ஒன்றுதான், சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குச்சியின் நுனி இளகி ஒரு உருண்டையாகத் திரளும். சுற்றுவதை ஒரு மூச்சு நிறுத்தினாலும் அது தூங்குகிற குழந்தையின் தலை மாதிரி ஒரு பக்கம் தொங்கிவிடும். என் முதல் உருண்டை அவரைக்காய் மாதிரி வந்தது. இரண்டாவது மூக்கு மாதிரி. அடுத்ததை நெருப்பின் அடிக்கு மிகக் கிட்டத்தில் பிடித்துவிட்டேன், உள்ளே கொதித்துக் குமிழி விட்டுப் போனது. டீச்சர், "அவசரம் வேணாங்க, இது போரோசிலிகேட், கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும், ஆனா தப்பை மன்னிக்கும்" என்றார். போரோசிலிகேட் என்ற சொல்லை எழுதக் கற்பதற்குள் நான் ஒரு கோலியே உருட்டிவிடலாம். ஆய்வுக்கூடத்துக் குடுவை செய்கிற கண்ணாடி. உங்களுக்குத் தெரியாததா.

போன வாரம் ஒரு கோலி சரியாக உருண்டு வந்தது. உடனே வெளியே வைக்கக் கூடாதாம். சூளையில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மறுநாள்தான் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வாங்கினதா" என்றாள். அவளாகவே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மேலே படிக்கும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன், அது விரிசல் விடவில்லை.

இந்த வாரம் டீச்சர் ஒரு வேடிக்கை காட்டினார். இந்தப் போரோக் கண்ணாடிக் குச்சி ஒன்று, சாதாக் கண்ணாடிக் குச்சி ஒன்று. பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான். இரண்டையும் நெருப்பில் ஒட்டி நூலாக இழுத்தார். நூல் ஆறியதும் தானாக வில் மாதிரி வளைந்தது. ஒன்று அதிகம் சுருங்குகிறதாம், மற்றது குறைவாகச் சுருங்குகிறதாம். இரண்டையும் சேர்த்துப் பெரிதாக என்ன செய்தாலும் சூடாக இருக்கும்வரை ஒட்டியிருக்கும், ஆறினால் வெடித்துவிடும். "எந்த உஸ்தாத் ஒட்டினாலும் இதான் கதி. அதனால ரெண்டையும் ஒரே பெட்டியில போடாதீங்க" என்றார்.

அப்போது எனக்கு நம் பட்டறை ஞாபகம் வந்தது. சுவரோரம் குச்சிகள் வைக்க இரண்டு அலமாரி இருக்குமே. அப்பாவும் நீங்களும் தவிர யாரும் கை வைக்கக் கூடாது. நான் பெருக்கும்போது அதன் பக்கத்தில் போனாலே சத்தம் போடுவீர்கள். அந்த இரண்டு அலமாரியும் இந்த இரண்டு வகைக்காகத்தானா. உங்களுக்கு ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். எங்கள் பட்டறையிலும் இப்படித்தான் பிரித்து வைப்போம் என்று டீச்சரிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன்.

ஜன்னலில் காலை வெயில்தான் வருகிறது. பார்த்துவிட்டேன்.

உங்கள் அன்புத் தம்பி,
சின்னவன்

ஜூலை 8

சின்னவனுக்கு,

நீ எழுதக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா.

யாரோ ஒரு டீச்சர் ஏதோ சொன்னாராம், உடனே இவன் அண்ணனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறான். அன்றைக்கு நான் வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தேன் என்கிறாயா. ஒன்றை இந்த அலமாரியிலிருந்தும் மற்றதை அந்த அலமாரியிலிருந்தும் எடுத்து உன் கையில் கொடுத்தேன் என்கிறாயா. உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். நீ ஜுரத்தில் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான். அதெல்லாம் மறந்துவிட்டது, குச்சி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எது எந்த அலமாரி என்று யார் கண்டார்கள். எவ்வளவோ கை மாறியிருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தியதைப் பற்றி இப்போது பேசி யாருக்கு என்ன லாபம். கெட்டவனாக இருந்தால் உன் கல்யாணத்துக்கு நான் ஏன் ஓடியாடியிருக்க வேண்டும்.

அந்த வகுப்பை விட்டுவிடு. வர வர உன் புத்தி கெட்டுப்போகிறது.

பெரியவன்

ஜூலை 17

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் வீட்டுக்காரியிடம் காட்டாமல் மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். கோபமாக எழுதியிருக்கிறீர்கள் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. என்ன தப்பு செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணா, நீங்கள் மாற்றிக் கொடுத்தீர்கள் என்று நான் எழுதவில்லை. சோதனையைப் பற்றியே அந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை. இரண்டு அலமாரி எதற்கு என்று மட்டும்தான் கேட்டேன். மற்றவர்களாக இருந்தால், எழுதினோமா இல்லையா என்று சந்தேகம் வரலாம். நான் ஒவ்வொரு சொல்லையும் கூட்டிக் கூட்டி எழுதுகிறவன். எழுதாத சொல் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. டீச்சர் நூலை இழுத்துக் காட்டியபோதும் வரவில்லை. பெருமை அடித்துக்கொள்ளத்தான் கேட்டேன்.

இப்போது அந்த நாள் முழுவதும் ஞாபகம் வருகிறது. ஒரு குச்சி நெருப்பில் காட்டியதும் பாகு மாதிரி ஓடத் தொடங்கியது. மற்றது அசையாமல் நின்றது. நான் பயந்துபோய் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். "ஒண்ணை அதிகமாக் காட்டுறே, ஒண்ணைக் கம்மியாக் காட்டுறே, உன் கை அப்படி" என்று சொன்னீர்கள். என் கை அப்படி என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது நான் அந்த வேலை பழகுகிறவன். ஓடியது சாதாக் கண்ணாடி, நின்றது போரோ என்று வகுப்பில் நேற்றுச் சேர்ந்தவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அப்பாவுக்குக் கண் தெரிந்திருந்தால் குச்சியின் ஓரத்து நிறத்தைப் பார்த்தே சொல்லியிருப்பார். கண் தெரியாத மனிதரிடம் நான் உடைந்த துண்டுகளைக் கொடுத்தேன். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

பட்டறை போனது எனக்குப் பெரிய குறை இல்லை. சலவைக்கூடத்தில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். ஏன் அந்த வேலைக்குப் போனேன் தெரியுமா. துணி கீழே விழுந்தால் உடையாது. வேறு இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்று மருந்துப் புட்டி அடுக்கும் வேலை. என் கைக்கு ஆகாது என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகள் பிறந்தபோது நர்ஸ் அவளை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் தானாக உட்காரும்வரை நான் அவளைத் தூக்கவில்லை. பெண்ணாகப் பிறந்தது இவருக்குப் பிடிக்கவில்லை என்று வீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். நான் காரணத்தைச் சொல்லவில்லை. கை ராசியில்லாதவன் என்று சொந்த மனைவியிடம் எப்படிச் சொல்வது. பிறகு உங்கள் வாயால் ஒரு கல்யாண வீட்டில் கேட்டு அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நீங்கள் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அந்த வரி மட்டும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

தம்பி

ஜூலை 26

சின்னவனுக்கு,

உன்னோடு எழுத்தில் சண்டை போட என்னால் முடியாது. நேரில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

பட்டறையில் இருந்தது ஒரு பர்னர். உனக்குத் தெரியும். அப்பா படுக்கையில் கிடந்துகொண்டு, "சின்னவன் கை நிதானமா இருக்கு, சின்னவன் கை நிதானமா இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன் காதில் அது விழாது, நீ எங்காவது விளையாடிக்கொண்டிருப்பாய். எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் என்ன சொல்வது. இதற்கு மேல் என்ன எழுதச் சொல்கிறாய்.

வீட்டுச் சாவியை ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கே ரயில். டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நீயே வா. படி ஏற என்னால் முடியாது, உன் தோளைப் பிடித்துக்கொண்டால் ஏறிவிடுவேன்.

நாம் இரண்டு பேர்தான் மிச்சம். அதை நினைத்துப் பார்.

பெரியவன்

ஆகஸ்ட் 5

அண்ணனுக்கு,

அப்பா என் கையைப் பற்றி அப்படிச் சொன்னார் என்று உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

ஒரு பர்னர்தான் இருந்தது என்று எனக்கும் தெரியும். உங்களுக்குப் பெண் பார்த்தார்கள் என்பதும் தெரியும், கூட வந்து ஓரமாக உட்கார்ந்து பலகாரத் தட்டைக் காலி செய்தவன் நான். அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், எனக்கு விட்டுக்கொடுடா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நீங்களே உட்காருங்கள் அண்ணா என்று சொல்லிவிட்டு விளையாடப் போயிருப்பேன். நான் அப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியாதா. தூக்கி வளர்த்தவர் நீங்கள். நானாகக் கொடுத்திருக்கக்கூடியதை எதற்கு அப்படி எடுத்தீர்கள். எடுத்ததோடு விடாமல் அதை ஏன் ஒவ்வொரு பந்தியிலும் சொல்லிச் சிரித்தீர்கள். இதுதான் எனக்கு விளங்கவில்லை. விளங்கினால் ஒருவேளை தூக்கம் வரும்.

வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளைத் தூக்காத கதையையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல. நான் உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன், மனசுக்குள்ளயே" என்றாள். பிறகு கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "பெரியவர் வந்தா என்ன செய்யப் போறீங்க" என்று கேட்டாள்.

"நீ என்ன செய்வே?"

"நான் சாப்பாடு போடுவேன். பேச மாட்டேன். அவருக்குத்தான் காது கேக்காதே, நான் பேசலைன்னு தெரியவே ஒரு மாசம் ஆகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களா, நீங்க சிரிக்கிறீங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி. நான் சிரித்துவிடுவேன், அண்ணா. நீங்கள் ரயிலிலிருந்து இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தலையணையை என் கையில் திணித்து ஏதாவது ஒரு கிண்டல் செய்தால் அந்த இடத்திலேயே சிரித்துவிடுவேன். தோளைக் கொடுப்பேன். மறுநாள் இருவரும் கட்டம் நிரப்பிக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கண்ணாடி வகுப்பைப் பற்றிக் கேட்டால் நீங்கள் பழையபடி என் கையைப் பற்றி ஆரம்பிப்பீர்கள், நான் பழையபடி கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். இதை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. எழுத்து வராததால் இல்லை.

எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை. உங்கள்மேல் ஒரு தடவைகூடப் பட்டதில்லை. இப்போது வந்திருக்கிறது. இதை யாரும் வந்து ஆற்றிவிடுவதை நான் விரும்பவில்லை. கொஞ்ச காலம் என்னிடம் இருக்கட்டும். எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

சாவி கொடுக்கும் நாள் நெருங்குகிறது, உங்களுக்கு இடம் வேண்டும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் உங்கள் ஊரிலேயே, ரயிலடிக்குப் பக்கத்தில், வயதானவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் பேசி வைத்திருக்கிறாள். கீழ்த்தளம், படி இல்லை. வந்து சாமான்களை எடுத்துவைத்துத் தருவாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் சொன்னேன். அவள் உங்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அது அப்படியே இருக்கட்டும்.

ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணா. எழுதினால் நான் படித்துவிடுவேன்.

தம்பி